விறைத்த தசைக்கு ஒரு நச்சு மருந்து

தண்டுவடத்தில் பலமாக அடிபட்டவரின் கால்கள் முதல் சில வாரங்கள் அசைவின்றித் துவண்டு கிடந்துவிட்டு, பின்னர் ஒருநாள் தாமாகவே உதறவும் மடங்கவும் தொடங்கும்போது, உயிர் திரும்புகிறது என்று வீட்டார் நம்பிவிடுவது உண்டு. அந்த நம்பிக்கை இயல்பானதே என்றாலும், பெரும்பாலான நேரங்களில் அந்த அசைவு மூளையின் கட்டளையால் பிறப்பதன்று. மூளையின் கட்டுப்பாடு அறுந்துபோனதால் பிறப்பது. மருத்துவர்கள் ஸ்பாஸ்டிசிட்டி என்று குறிப்பிடும் இந்தத் தசை விறைப்பு, தண்டுவடக் காயத்துடன் நெடுங்காலம் வாழ்வோரில் மூன்றில் இரண்டு பங்கினருக்கேனும் ஏதோ ஓர் அளவில் வந்து சேர்கிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் அத்தகைய காயத்துடன் வாழ்வோர் உலகெங்கும் ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்டவர்கள். சாலை விபத்தும் உயரத்திலிருந்து விழுவதும் முதன்மைக் காரணங்களாக இருப்பதால், தென்னையும் பனையும் ஏறுவோரும், கட்டடச் சாரத்தில் நின்று வேலை செய்வோரும், இருசக்கர வாகனத்தில் விரையும் இளைஞர்களும் நிறைந்த தமிழ்நாட்டுக்கு இது தொலைவான செய்தியன்று. இந்த விறைப்பைத் தளர்த்தக் கையாளப்படும் மருந்துகளுள் ஒன்று, இயற்கையில் அறியப்பட்ட நஞ்சுகளிலேயே மிகக் கொடியதாகக் கருதப்படும் பொட்டுலினம் நச்சு. முகச்சுருக்கத்தைப் போக்கும் ஊசியாகப் பலர் கேள்விப்பட்டிருக்கும் போடாக்ஸ், இந்த நச்சின் வணிகப் பெயர்களில் ஒன்றுதான்.

விறைப்பு எவ்வாறு உண்டாகிறது என்பதை அறிந்தால்தான் நச்சு எந்த இடத்தில் குறுக்கிடுகிறது என்பது விளங்கும். ஒரு தசை திடீரென இழுபட்டால் அதனை எதிர்த்துச் சுருங்குவது அதன் இயல்பு. முழங்காலுக்குச் சற்றுக் கீழே மருத்துவர் சிறு சுத்தியலால் தட்டியதும் கால் முன்னே துள்ளுவது இந்த அனிச்சைச் செயலால்தான். தசைக்குள் பொதிந்துள்ள நுண்ணிய உணர்விகள் இழுவையை உணர்ந்து தண்டுவடத்துக்குச் செய்தி அனுப்ப, அங்குள்ள இயக்க நரம்பணுக்கள் மூளையைக் கேட்காமலேயே சுருங்குமாறு தசைக்கு ஆணையிடுகின்றன. உடல்நலம் உள்ளவரிடம் இந்தச் சுற்று அளவோடு நடப்பதற்கு, மூளையிலிருந்து இறங்கிவரும் நரம்புப் பாதைகள் அதற்கு எப்போதும் கடிவாளம் இட்டிருப்பதே காரணம். காயம் அந்தப் பாதைகளை அறுத்துவிடும்போது, காயத்துக்குக் கீழே உள்ள தண்டுவடம் முதலில் அதிர்ச்சியில் அடங்கிப் போகிறது; வாரங்களோ மாதங்களோ கழித்து விழித்துக்கொள்ளும்போது, தடுப்பார் இன்மையால் அளவுமீறிக் கிளர்ச்சியுறுகிறது. நரம்பணுக்களின் மின்தன்மையே மாறிவிடுவதால், சிறு தூண்டுதலுக்கும் அவை நெடுநேரம் ஓயாமல் ஆணைகளை அனுப்பியபடி இருக்கின்றன. எவ்வளவு வேகமாக இழுக்கப்படுகிறதோ அவ்வளவுக்கு அதிகமாகத் தசை எதிர்க்கும் என்பதே இந்த விறைப்பின் அடையாளம் என்று ஆஸ்திரேலிய நரம்பியல் மருத்துவர் ஜேம்ஸ் லான்ஸ் 1980இல் வகுத்த வரையறை இன்றும் எடுத்தாளப்படுகிறது.

பாதிக்கப்பட்டவரின் அன்றாடத்தில் இது பல வடிவங்களில் தோன்றுகிறது. சக்கர நாற்காலியின் மிதிபலகையில் பாதத்தை வைத்ததும் கெண்டைக்கால் வினாடிக்கு ஐந்தாறு முறை வெட்டி வெட்டி இழுக்க, முழங்கால் வரை நடுங்குகிறது. இரவில் போர்வை உரசினாலே கால்கள் வயிற்றை நோக்கி மடங்கித் தூக்கத்தைக் கெடுக்கின்றன. தொடைகளின் உட்புறத் தசைகள் இறுகி ஒரு கால் மற்றதன்மேல் கத்தரிக்கோலாகப் பின்னிக்கொண்டால், சிறுநீர்க் குழாய் செருகவும், அவ்விடத்தைக் கழுவித் துடைக்கவும், உடை மாற்றவும் இன்னோர் ஆள் துணை வேண்டியிருக்கிறது. பெரும்பாலும் அந்த ஆள் மனைவியாகவோ தாயாகவோ இருக்கிறார் என்பதையும், ஒவ்வொரு முறையும் இரு கைகளாலும் வலிந்து அந்தத் தொடைகளை விலக்க வேண்டியிருக்கும் அவருடைய முதுகுவலி எந்த மருத்துவக் குறிப்பேட்டிலும் இடம்பெறுவதில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

ஆயினும் எல்லா விறைப்பும் பகையன்று. நெஞ்சுக்குக் கீழே உணர்வற்ற ஒருவர் படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறும்போது, கால்கள் விறைத்து நின்று கொடுக்கும் சில நொடி ஆதரவையே நம்பியிருக்கக்கூடும். பகுதிக் காயம் உள்ள ஒருவர் நடப்பதற்கு, முன்தொடைத் தசையின் இறுக்கமே முழங்கால் மடங்காமல் காக்கக்கூடும். இறுக்கம் தசையின் பருமனையும் ஓரளவு காப்பாற்றுகிறது. அது எச்சரிக்கை மணியாகவும் பயன்படுகிறது: நேற்றுவரை அளவாக இருந்த இழுப்பு திடீரெனக் கூடிவிட்டால், வலியை உணர முடியாத அந்த உடம்பில் சிறுநீர்த் தொற்றோ, மலச்சிக்கலோ, படுக்கைப் புண்ணோ, சதைக்குள் வளர்ந்த கால்நகமோ மறைந்திருக்கிறது என்று பொருள் கொள்ள வேண்டும். அதைத் தேடிக் கண்டுபிடித்துச் சரிசெய்யாமல் தசைக்கு ஊசி போடுவது, மணியின் நாக்கைக் கட்டிவிட்டுத் தீயை எரியவிடுவதற்குச் சமம்.

நச்சின் வரலாறு ஜெர்மனியின் வூர்ட்டம்பர்க் பகுதியில், கெட்டுப்போன இறைச்சிக் குழலுணவை உண்டு கிராமத்தார் இறந்த நிகழ்வுகளில் தொடங்குகிறது. அங்கு மருத்துவராகவும் கவிஞராகவும் விளங்கிய யூஸ்டினுஸ் கெர்னர், நோயாளிகளின் கண்ணிமை சரிவதையும், விழுங்க முடியாமல் போவதையும், உணர்வு கெடாமலேயே தசைகள் ஒவ்வொன்றாக ஓய்வதையும் நுணுக்கமாகப் பதிவு செய்து, அந்த உணவிலிருந்து எடுத்த சாற்றைத் தம்மீதே சோதித்தும் பார்த்து, 1822இல் ஒரு நூலாக வெளியிட்டார். நரம்பிலிருந்து தசைக்குச் செல்லும் தூண்டுதலை இந்த நஞ்சு தடுக்கிறது என்று அவர் கணித்தது மட்டுமன்றி, மிகச் சிறிய அளவில் கொடுத்தால் அடங்காத தசையசைவு நோய்களுக்கு இதுவே மருந்தாகலாம் என்றும் எழுதிவைத்தார். நுண்ணுயிரி என்ற கருத்தே வேரூன்றாத காலத்தில் ஒரு கிராமப்புற மருத்துவர் இவ்வளவு தூரம் கண்டது வியக்கத்தக்கது. 1895இல் பெல்ஜியத்தின் எல்செல் என்னும் ஊரில் ஓர் இறுதிச் சடங்குக்கு வாசிக்க வந்த இசைக்குழுவினர் பதப்படுத்திய பன்றித்தொடை இறைச்சியை உண்டு நோயுற்று, அவர்களுள் மூவர் இறந்தபோது, எமில் வான் எர்மெங்கெம் அந்த இறைச்சியிலிருந்து காற்றில்லாத இடத்தில் வளரும் ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். நச்சைத் தூய்மைப்படுத்தும் வேலையை இரண்டாம் உலகப்போர்க் காலத்து அமெரிக்கப் படைத்துறை ஆய்வுக்கூடம் முன்னெடுத்தது. போர்க்கருவிக்கான அந்த ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்த எட்வர்ட் ஷான்ட்ஸ் பிற்காலத்தில் அளித்த தூய நச்சைக் கொண்டே, சான் பிரான்சிஸ்கோவின் கண் மருத்துவர் ஆலன் ஸ்காட் முதலில் குரங்குகளிலும் பின்னர் மனிதரிலும் மாறுகண்ணைச் சரிசெய்து காட்டினார். 1989இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கண் சார்ந்த பயன்பாடுகளுக்கு ஒப்புதல் தந்தது. கைத்தசை விறைப்புக்கான ஒப்புதல் 2010இலும், கால்தசைக்கானது 2016இலும் கிடைத்தன.

மூலக்கூறு அளவில் நச்சு செய்யும் வேலை வியப்பூட்டும் அளவுக்குக் குறுகலானது. இயக்க நரம்பின் முனையில் அசிட்டைல்கோலின் என்னும் வேதிப்பொருள் நுண்ணிய பைகளில் அடைபட்டிருக்கிறது. நரம்பில் மின்தூண்டல் வந்ததும் அப்பைகள் முனையின் சவ்வோடு ஒட்டி உடைந்து, வேதிப்பொருளைத் தசையின்மேல் கொட்ட, தசை சுருங்குகிறது. பைகளைச் சவ்வோடு இழுத்துக் கட்டுவதற்குச் சில புரதங்கள் தேவை. பொட்டுலினம் நச்சு இரு பகுதிகளால் ஆனது. கனமான பகுதி நரம்பு முனையைப் பற்றிக்கொண்டு நச்சை உள்ளே நுழைக்க, இலேசான பகுதி உள்ளே சென்று அப்புரதங்களுள் ஒன்றை வெட்டிவிடுகிறது. ஏ வகை நச்சு வெட்டுவது ஸ்னாப்-25 என்ற புரதத்தை. நரம்பு சாவதில்லை, தசையும் சாவதில்லை. இடையே செய்தி மட்டும் நின்றுபோகிறது. நாளடைவில் நரம்பு முனை புதிய கிளைகளை நீட்டித் தற்காலிகமாகத் தசையோடு தொடர்பு கொள்கிறது, பின்னர்ப் பழைய முனையே செயல் மீண்டும் தொடங்க, அக்கிளைகள் ஒடுங்குகின்றன. ஊசி போட்ட சில நாள்களில் தளர்ச்சி தென்படத் தொடங்கி, இரண்டு முதல் நான்கு வாரங்களில் உச்சத்தை எட்டி, ஏறத்தாழ மூன்று மாதங்களில் மங்கிவிடுவதற்கு இதுவே காரணம்.

இந்த மருந்து போடப்பட்ட தசையில் மட்டுமே வேலை செய்வது அதன் வலிமை, அதுவே அதன் எல்லையும் ஆகும். தண்டுவடக் காயத்தில் விறைப்பு பெரும்பாலும் இரு கால்களிலும், சிலருக்கு வயிற்றிலும் முதுகிலும் பரவி நிற்கிறது. அத்தனை தசைகளுக்கும் ஊசி போடுவதற்குப் பாதுகாப்பான நச்சளவு போதாது. பரவலான விறைப்புக்கு பேக்லோஃபென், டிசானிடின் போன்ற மாத்திரைகளும், அவை போதாதபோது வயிற்றுத் தோலுக்கடியில் வைத்த பம்பு வழியாகப் பேக்லோஃபெனைத் தண்டுவடத்தைச் சூழ்ந்த நீரிலேயே செலுத்தும் முறையும் உள்ளன. மாத்திரைகள் முழு உடலையும் தளர்த்துவதால் தூக்கக் கலக்கத்தையும், நல்ல நிலையில் உள்ள கைகளிலும் சோர்வையும் கொண்டுவருகின்றன. பேக்லோஃபெனைத் திடீரென நிறுத்தினாலோ வலிப்பு வரை போகலாம். ஆகவே, உடலெங்கும் உள்ள விறைப்பை மாத்திரையால் ஓரளவு அடக்கியபின், தொல்லை தரும் இரண்டு மூன்று தசைகளை மட்டும் குறிவைக்கும் இடத்தில்தான் நச்சூசி தன் முழுப் பயனையும் தருகிறது. பக்கவாதத்துக்குப் பின் வரும் விறைப்பில் நடந்த அளவுக்குப் பெரிய ஆய்வுகள் தண்டுவடக் காயத்தில் நடக்கவில்லை என்பதால், ஒவ்வொருவருக்கும் தனித்தனியே இலக்கை வகுத்துக்கொள்ளும் பொறுப்பு இங்கே இன்னும் கூடுகிறது.

எந்தத் தசை என்று முடிவு செய்யும் முன் நடக்கும் சோதனை எளியதாகத் தோன்றினாலும் எல்லாம் அதில்தான் அடங்கியிருக்கிறது. படுத்திருப்பவரின் முழங்காலைப் பிசியோதெரபிஸ்ட் முதலில் மிக மெதுவாக நீட்டுகிறார், தடையின்றி நீள்கிறது. அதே காலை விரைவாக நீட்டும்போது பாதி வழியில் ஏதோ பிடித்து நிறுத்தியதுபோல் நிற்கிறது. இந்த வேறுபாடு விறைப்பைக் காட்டுகிறது, அங்கே நச்சுக்கு வேலை உண்டு. மெதுவாக நீட்டினாலும் அதே இடத்தில் நின்றுவிடுமானால், தசையும் தசைநாணும் நெடுங்காலம் மடங்கியே இருந்து குறுகிவிட்டன என்று பொருள். அந்தக் குறுக்கத்தை எந்த நச்சும் நீட்டாது. தொடர் மாவுக்கட்டோ அறுவை சிகிச்சையோதான் வழி. ஐயம் தீராதபோது, நரம்பைச் சுற்றிச் சில மணி நேரம் மட்டும் மரத்துப்போகச் செய்யும் ஊசியைப் போட்டு, தசை தளர்ந்தால் என்ன நன்மை, என்ன இழப்பு என்று முன்கூட்டியே பார்க்கும் வழக்கமும் உண்டு.

கையைப் பொறுத்தவரை எச்சரிக்கை இன்னும் கூடுதலாக வேண்டும். கழுத்தின் ஆறாம் நரம்பு மட்டத்துக்குக் கீழே செயலிழந்தவரால் விரல்களை மடக்க முடியாது, ஆனால் மணிக்கட்டைப் பின்னோக்கி வளைக்க முடியும். அவ்வாறு வளைக்கையில் விரல் தசைநாண்கள் இழுபட்டு, விரல்கள் தாமாக உள்ளங்கையை நோக்கி மடங்கி, கட்டைவிரல் சுட்டுவிரலின் பக்கத்தில் வந்து அணைகிறது. அந்தப் பிடியைக் கொண்டே அவர் கரண்டியைத் தூக்குகிறார், கைப்பேசியை எடுக்கிறார், சிறுநீர்க் குழாயைத் தாமே செருகிக்கொள்கிறார். விரல் தசைகளில் சற்று இறுக்கம் இருந்தால்தான் அந்தப் பிடி நிலைக்கும். கை விரிந்து அழகாகத் தெரிய வேண்டும் என்பதற்காக அத்தசைகளுக்கு நச்சு போட்டால், அவருக்கு மிஞ்சியிருந்த ஒரே பிடியும் மூன்று மாதத்துக்குப் பறிபோகும். எதற்காகத் தளர்த்துகிறோம் என்ற கேள்விக்கு, ஊசிக்கு முன் நோயாளியின் வாயிலிருந்தே விடை வர வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

மருந்துக் குப்பியைக் கையில் எடுத்துப் பார்ப்பவர் அது காலி என்றே எண்ணுவார். நூறு யூனிட் கொண்ட ஒரு குப்பியில் உள்ள நச்சின் எடை ஒரு கிராமின் நூறு கோடிப் பங்கில் சில பங்குகளே என்பதால், அடியில் படிந்திருக்கும் வெண்படலம்கூட அரிதாகவே கண்ணுக்குத் தெரிகிறது. இரண்டு முதல் எட்டு டிகிரி குளிரில் காக்கப்பட்ட அக்குப்பிக்குள் உப்புநீரைச் செலுத்தி, குலுக்காமல் மெல்லச் சுழற்றிக் கரைக்கிறார்கள். பின்னர் அல்ட்ராசவுண்ட் திரையில் தசையின் எல்லையைப் பார்த்தோ, ஊசிமுனை வழியாகச் சிறு மின்தூண்டல் கொடுத்து உரிய தசைதான் துடிக்கிறதா என்று உறுதிசெய்தோ, ஒவ்வொரு தசையிலும் சில இடங்களில் மருந்தை இறக்குகிறார்கள். உள்தொடை, பின்தொடை, கெண்டைக்கால், பாதத்தை உள்நோக்கித் திருப்பும் ஆழத்துத் தசை ஆகியவை அடிக்கடி தெரிவாகின்றன. ஒரு நிறுவனத்தின் யூனிட் மற்றொரு நிறுவனத்தின் யூனிட்டுக்குச் சமமன்று என்பதை நோயாளியும் அறிந்திருப்பது நல்லது. எந்த மருந்து, எத்தனை யூனிட், எந்தத் தசை என்று எழுதி வாங்கிவைத்துக்கொண்டால், அடுத்த முறை வேறு ஊரில் வேறு மருத்துவரிடம் சென்றாலும் தவறு நேராது.

ஊசியோடு சிகிச்சை முடிந்தது என்று எண்ணுவதே பலரும் செய்யும் பெரும்பிழை. தளர்ந்த தசை தானாக நீளாது. தளர்ந்திருக்கும் அந்தச் சில வாரங்களில் நாள்தோறும் நீட்சிப் பயிற்சி செய்ய வேண்டும், இரவில் பாதத்தைத் தாங்கும் ஸ்ப்ளின்ட் அணிய வேண்டும், பகுதிக் காயம் உள்ளவரானால் எதிர்ப்பக்கத் தசையை வலுப்படுத்தி நடைப்பயிற்சியும் பெற வேண்டும். விலையுயர்ந்த ஊசியைப் போட்டுக்கொண்டு, பயிற்சிக்கு வழியில்லாமல் வீட்டில் படுத்திருப்பவருக்கு, மூன்று மாதம் கழித்துப் பழைய விறைப்பே மிஞ்சும்.

தீங்குகள் பெரும்பாலும் இலேசானவை: ஊசி போட்ட இடத்தில் வலி, வேண்டியதைவிடக் கூடுதலான தளர்ச்சி, சில நாள் சோர்வு. அரிதாக நச்சு அப்பாலும் பரவி விழுங்குவதிலும் மூச்சு விடுவதிலும் இடர்ப்பாடு உண்டாக்கலாம் என்று அமெரிக்க அமைப்பு 2009இல் கடுமையான எச்சரிக்கை வெளியிட்டது. கழுத்துப் பகுதியில் காயமுற்று ஏற்கெனவே மூச்சுத்தசைகள் நலிந்தவருக்கு இது முக்கியமானது. மயஸ்தீனியா போன்ற நரம்பு-தசைச் சந்திப்பு நோய் உள்ளவர்களும், கர்ப்பிணிகளும் மருத்துவரிடம் முன்னதாகவே சொல்லிவிட வேண்டும். குறுகிய இடைவெளியில் மீண்டும் மீண்டும் போட்டால் உடல் எதிர்ப்புப் பொருளை உண்டாக்கி மருந்தைப் பயனற்றதாக்கலாம் என்பதால், பொதுவாகப் பன்னிரண்டு வாரங்களுக்குள் மறு ஊசி போடப்படுவதில்லை.

தண்டுவடக் காயமுற்றோருக்கு இந்த நச்சு செய்த பெரிய உதவி கைகால்களைவிடச் சிறுநீர்ப்பையில்தான் என்று சொன்னால் மிகையாகாது. காயத்துக்குப் பின் சிறுநீர்ப்பையின் தசையும் அதே காரணத்தால் அடங்காமல் சுருங்குகிறது. பையின் வாய் மூடியிருக்கும்போதே பை அழுத்துவதால் சிறுநீர் ஒழுகுவதோடு, உள்ளழுத்தம் மேலேறிச் சிறுநீரகத்தையும் கெடுக்கிறது. தண்டுவடக் காயமுற்றோர் இறப்பதற்குச் சிறுநீரகச் செயலிழப்பே முதன்மைக் காரணமாக இருந்த காலம் ஒன்று உண்டு. சுவிட்சர்லாந்தில் பிரிகிட் ஷூர்க்கும் அவருடைய குழுவினரும் 2000இல் வெளியிட்ட ஆய்வு, பைத்தசையில் நச்சைச் செலுத்தினால் அழுத்தம் தணிந்து ஒழுக்கு நிற்பதைக் காட்டியது. 2011இல் அமெரிக்க ஒப்புதலும் பெற்ற இம்முறையில், உள்நோக்கிக் குழாய் வழியே பைச்சுவரில் முப்பது இடங்களில் மொத்தம் இருநூறு யூனிட் செலுத்தப்படுகிறது. பலன் பலருக்குக் கால்தசையைவிட நெடிது நிற்கிறது. பை தளர்ந்தபின் குழாய் செருகியே சிறுநீரை வெளியேற்ற வேண்டும் என்பதை ஏற்றுக்கொண்டவருக்கே இது பொருந்தும். மார்பின் ஆறாம் முள்ளெலும்பு மட்டத்துக்கு மேலே காயம் உள்ளவருக்கு, செய்முறையின்போதே இரத்த அழுத்தம் தாறுமாறாக ஏறக்கூடும் என்பதால் கண்காணிப்பு இன்றியமையாதது.

மருந்தின் விலை என்னும் சுவரை எளிய குடும்பங்கள் எளிதில் தாண்டுவதில்லை. அதனால் ஃபீனால் என்னும் பழைய, மலிவான மருந்தை மறந்துவிடலாகாது. உள்தொடைத் தசைகளுக்குச் செல்லும் நரம்பைச் சுற்றி அதனைச் செலுத்தினால், அந்த நரம்பு பெரும்பாலும் இயக்கத்துக்கே உரியது என்பதால், உணர்வுள்ளவருக்கும் எரிச்சல் வரும் வாய்ப்பு குறைவு. பலன் பல மாதங்கள் நீடிக்கிறது. தொடைக்கு ஃபீனால், கெண்டைக்காலுக்கு நச்சு என்று பிரித்துக் கையாண்டால் நச்சின் அளவும் செலவும் குறைகின்றன. இவ்வகைக் கணக்குகளைப் போட்டுப் பார்க்கத் தெரிந்த மறுவாழ்வு மருத்துவப் பிரிவுகள் மாவட்டந்தோறும் பெருக வேண்டும். 1954இல் விபத்தில் தண்டுவடம் முறிந்து, சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அறுவை மருத்துவராகப் பணியாற்றிய மேரி வர்கீஸின் முயற்சியால், வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரி 1966இல் பாகாயத்தில் மறுவாழ்வு மையத்தைத் தொடங்கியது. தென்காசிக்கு அருகே ஆய்க்குடியில், கழுத்துக் காயத்தால் கைகால் இயங்காத எஸ். இராமகிருஷ்ணன் 1981இல் அமர் சேவா சங்கத்தை நிறுவினார். காயமுற்றவர்களே முன்னின்று எழுப்பிய இந்த மையங்கள் இருந்தும், விபத்து நடந்த நாளில் அறுவைக் கூடத்துக்குக் கிடைக்கும் கவனத்தில் ஒரு பங்குகூட அதன்பின் வரும் ஆண்டுகளுக்குக் கிடைப்பதில்லை.

மூன்று மாதம் முடிந்து நோயாளி திரும்பி வரும்போது, முதல் ஊசிக்கு முன் எழுதிவைத்த இலக்கோடு இன்றைய நிலையை ஒப்பிட வேண்டும்: படுத்த நிலையில் முழங்கால்களுக்கு இடையே எத்தனை சென்டிமீட்டர் விலக்க முடிந்தது, இரவில் எத்தனை முறை இழுப்பு எழுப்பியது, குழாய் செருக இப்போதும் இரண்டாம் ஆள் வேண்டியிருக்கிறதா, நாற்காலிக்கு மாறுவது எளிதானதா கடினமானதா என்பவை அந்த ஒப்பீட்டின் அளவுகோல்கள். சிலருக்கு அதே தசைக்கு மீண்டும் ஊசி வேண்டியிருக்கும், சிலருக்குத் தசையோ அளவோ மாறும். தளர்ந்த கால் மாறி அமர்வதற்கு உதவாமல் போனதைக் கண்ட சிலர், விறைப்போடே இருந்துகொள்கிறேன் என்று கூறுவார்கள்; அவர்களுக்கு ஊசியை நிறுத்திவிடுவதும் சிகிச்சையின் முறையான முடிவுகளுள் ஒன்றாகவே குறிப்பேட்டில் எழுதப்பட வேண்டும்.